குண்டு உப்பலவாடி: பீரங்கி அளந்த கிராமம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி நோக்கிச் சென்றால் சிறிது தொலைவில் செம்மண்டலம் வரும். அங்கே 'குண்டு சாலை' என்று ஒரு சாலை இருக்கிறது. வெளியூரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இது குண்டும் குழியுமாகக் கிடக்கும் சாலை போலும் என்று எண்ணிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் அந்த எண்ணம் பொய்யாகவும் இராது! ஆனால் பெயருக்கும் குழிக்கும் தொடர்பில்லை. இங்கிருந்து கிழக்கும் வடக்குமாகக் கடலை நோக்கிப் போனால் உப்பலவாடி என்ற பெயரில் இரண்டு கிராமங்களைக் காணலாம். ஒன்று சுப உப்பலவாடி. மற்றொன்று குண்டு உப்பலவாடி. சாலையிலும் கிராமத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் 'குண்டு', 1690ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு என்பதே இப்பகுதியில் வழங்கிவரும் விளக்கம்.

ஒரு கிராமம் எந்த அரசின் கீழ் இருக்க வேண்டும் என்பதை ஒரு பீரங்கிக் குண்டு பறந்து சென்ற தொலைவு தீர்மானித்தது. எறிபொருளின் இயக்கத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது. முதலில் அந்த நிலத்தைப் பார்ப்போம்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

கிழக்கே வங்கக் கடல். தெற்கே கெடிலம். வடக்கே தென்பெண்ணை. இந்த இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்களுக்கும் இடையே கடற்கரை நெடுக நான்கைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். அந்தச் சிறிய இடைவெளிக்குள் தெற்கு முனையில் தேவனாம்பட்டினம், வடக்கு முனையில் தாழங்குடா என்னும் மீனவ ஊர், நடுவே வயல்களும் தோப்புகளுமாக உப்பலவாடி, கண்டக்காடு, உச்சிமேடு, நாணமேடு முதலிய கிராமங்கள். மேடு என்று முடியும் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். தட்டையான ஆற்றுச் சமவெளியில் ஓரிரு அடி உயரம்கூடப் பெரிய செய்தி. வெள்ளம் வரும்போது வீடு நனையுமா நனையாதா என்பது அந்த ஓரிரு அடியில்தான் இருக்கிறது.

மேற்கே பார்த்தால் நிலத்தின் தன்மையே வேறு. திருப்பாதிரிப்புலியூருக்கு அப்பால் எழும் கேப்பர் மலை செம்மண்ணும் மணற்கல்லும் கலந்த மேட்டு நிலம். நிலவியலார் 'கடலூர் மணற்கல்' என்று பெயரிட்டிருக்கும் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது அது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பதும் இதே தொகுதியில்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இதனோடு சேர்ந்ததுதான். உப்பலவாடிப் பக்கத்து நிலம் இதைப்போலப் பழமையானதன்று. ஆறுகள் மலையிலிருந்து அரித்துக்கொண்டு வந்த வண்டலையும் கடல் அலைகள் கரையில் ஒதுக்கிய மணலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பியதால் உண்டானது. நிலவியல் கணக்கில் நேற்றுப் பிறந்த குழந்தை என்றே சொல்லலாம்.

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றிச் சுமார் 400 கிலோமீட்டர் ஓடி இங்கே கடலில் கலக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணல் வெளி. ஐப்பசி, கார்த்திகையில் திடீரென்று பெருவெள்ளம். வெள்ளம் வடிந்து நீரோட்டம் குறைந்ததும் கடல் தன் வேலையைத் தொடங்கிவிடும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் தள்ளுகின்றன. இப்படி நகரும் மணல், ஓட்டம் குன்றிய ஆற்றின் வாயில் திட்டாகக் குவிந்து அதை அடைத்துவிடுகிறது. முகத்துவாரம் சற்றே இடம் மாறுவதும் உண்டு. ஆற்றையே எல்லைக்கோடாக வைத்துக்கொள்ள முடியாத ஊர் இது.

குடிநீர் விஷயத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் உள்ள மணற்பாங்கான நிலத்தில் கிணறு தோண்டினால் நல்ல நீர் எப்படிக் கிடைக்கிறது? மழை நீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல் நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வேற்றுமையைக் கொண்டு கணக்கிட்டால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்று தெரியவருகிறது. கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இதன் மறுபக்கம் கடுமையானது. இறைத்து இறைத்து மேல் மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்திவிட்டால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நீர் 40 மீட்டர் மேலேறி வரும். கடற்கரைக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

கோட்டை விற்ற கதை

17ஆம் நூற்றாண்டில் தேவனாம்பட்டினம் ஒரு வணிகத் துறை. ஐரோப்பியரின் ஏடுகளில் 'தெக்னபட்டம்' என்று காணப்படுவது இதுதான். இங்கே சிறிய கோட்டை ஒன்று இருந்தது. 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியபோது இந்தப் பகுதியும் மராட்டியர் வசமாயிற்று. சிவாஜியின் இளைய மகன் இராஜாராம், மொகலாயப் படையிடமிருந்து தப்பி 1689இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். ஔரங்கசீப்பின் படைகள் பின்தொடர்ந்து வந்து 1690இல் செஞ்சியை முற்றுகையிட்டன. முற்றுகைக்கு ஆளான அரசனுக்குப் பணம் வேண்டும். சென்னையில் இருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ, 1674 முதல் புதுச்சேரியில் கால் ஊன்றிவிட்ட பிரெஞ்சுக்காரர்களையும் கடற்கரையெங்கும் வணிகம் செய்த டச்சுக்காரர்களையும் சமாளிக்கத் தெற்கே ஒரு கோட்டை வேண்டும். பேரம் படிந்தது.

அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1718இல் இவருடைய பெயரைத்தான் ஏற்றுக்கொண்டது. கோட்டைக்கு இவர் வைத்த பெயர் செயின்ட் டேவிட் கோட்டை. வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் டேவிட். யேலின் குடும்பமும் வேல்ஸைச் சேர்ந்தது.

விற்பனைப் பத்திரத்தில்தான் நம் கதை இருக்கிறது. கோட்டையோடு சேர்த்து, அதிலிருந்து சுடப்படும் பீரங்கியின் 'ராண்டம் ஷாட்' எட்டும் தொலைவுக்குள் உள்ள நிலமும் ஊர்களும் கம்பெனிக்கு உரியவை என்று முடிவாயிற்று. இன்று 'ராண்டம்' என்றால் கண்டபடி, குறியில்லாமல் என்று பொருள் கொள்கிறோம். அன்றைய பீரங்கிக்காரர்களின் வழக்கு வேறு. குழாயைக் கிடையாக வைத்து நேரே குறி பார்த்துச் சுடுவது ஒரு வகை. குழாயை மேல்நோக்கி உயர்த்தி இயன்ற மட்டும் தொலைவுக்கு எறிவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதுதான் ராண்டம் ஷாட். ஆகவே பத்திரத்தின் பொருள் தெளிவானது: பீரங்கியின் மிகப் பெரிய வீச்சு எவ்வளவோ, அவ்வளவு நிலம்.

கம்பெனியார் சும்மா இருப்பார்களா? பெரிய பித்தளைப் பீரங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த வேலையின் பலன் பீரங்கிக்காரரின் கைத்திறனைப் பொறுத்தது என்பது சென்னைக் கவுன்சிலுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. செப்டம்பர் மாதத்தில் கோட்டையிலிருந்து பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் எல்லாம் கம்பெனியின் சொத்தாயின. தெற்கே இருந்த கடலூர்ப் பழைய நகரமும் இதில் அடக்கம். ஆங்கில நூல்கள் இவற்றைப் 'பீரங்கிக் குண்டு கிராமங்கள்' என்று குறித்தன. மக்கள் 'குண்டு கிராமம்' என்றார்கள். அந்த ஊர்களில் நாற்று நட்டுக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெடிச்சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

எவ்வளவு தொலைவு போகும்?

இனிக் கணக்குக்கு வருவோம். பள்ளியில் படித்த சூத்திரம் நினைவிருக்கிறதல்லவா? ஒரு பொருளைக் கிடைத்தளத்துக்கு 45 பாகை சாய்வில் எறிந்தால் அதன் வீச்சு மிகப் பெரியதாக இருக்கும். அந்த வீச்சு, தொடக்கத் திசைவேகத்தின் இருமடியை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். அக்காலப் பெரிய பீரங்கிகளின் குண்டு குழாயைவிட்டு வெளிவரும்போது விநாடிக்கு 450 மீட்டர் அளவுக்கு வேகம் பெற்றிருக்கும் என்று கொள்வோம். 450இன் இருமடி 2,02,500. இதை 9.8ஆல் வகுத்தால் 20,660 மீட்டர். அதாவது இருபது கிலோமீட்டருக்கும் மேல்!

வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், உள்ளூர் மாணவர்கள் உடனே சிரித்துவிடுவார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து இருபது கிலோமீட்டர் என்றால் பாகூரைத் தாண்டிப் புதுச்சேரியின் வாசலுக்கே போய்விடும். யேல் துரை ஒரே வெடியில் பிரெஞ்சுக்காரர்களின் வாசல்வரை வளைத்துப் போட்டிருக்கலாமே! உண்மையில் அந்த அளவுப் பெரிய பீரங்கிகள் எறிந்த தொலைவு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். குண்டு உப்பலவாடியும், செம்மண்டலமும், கடலூர்ப் பழைய நகரமும் தேவனாம்பட்டினக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய அந்தத் தொலைவில்தான் இருக்கின்றன.

சூத்திரம் ஏன் ஐந்து மடங்கு தவறான விடை தருகிறது? அதில் காற்று இல்லை. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் எறிபொருளின் பாதை பரவளைவு என்று நிறுவினார். காற்று இல்லாத இடத்தில் அது முற்றிலும் சரி. கையால் எறியும் கல்லுக்கும் ஏறத்தாழச் சரி. அதிவேகமாகப் போகும் குண்டுக்குச் சிறிதும் சரியன்று.

பத்துக் கிலோகிராம் எடையுள்ள இரும்புக் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரும்பின் அடர்த்தியிலிருந்து கணக்கிட்டால் அதன் விட்டம் 14 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு நடுத்தரத் தேங்காய் அளவு. காற்றின் தடைவிசை, பொருளின் குறுக்குப் பரப்பையும், காற்றின் அடர்த்தியையும், திசைவேகத்தின் இருமடியையும் பொறுத்தது. ஒலியைவிட வேகமாகச் செல்லும் உருண்டைக்குரிய எண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டால், குழாயைவிட்டு வெளிவந்த அந்தக் கணத்தில் குண்டின்மீது காற்று ஏற்படுத்தும் தடை சுமார் 1,700 நியூட்டன் என்று வருகிறது. குண்டின் எடையோ 98 நியூட்டன்தான். அதாவது ஈர்ப்பு விசை குண்டைக் கீழே இழுப்பதைப்போல் பதினேழு மடங்கு வலுவுடன் காற்று அதைப் பின்னே தள்ளுகிறது. நாம் ஈர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பதினேழு மடங்கு பெரிய விசையை 'புறக்கணிக்கலாம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டோம்!

இதன் விளைவு என்ன? முதல் ஒரு விநாடிக்குள்ளாகவே குண்டின் வேகம் 450இலிருந்து 330 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். பிறகு தடை குறையும். வேகம் மெல்லக் குறையும். பாதையும் பரவளைவாக இராது. ஏறும்போது நீண்டு சாய்வாக ஏறி, உச்சியைக் கடந்த பிறகு செங்குத்தாகச் சரிந்து விழும். மிகப் பெரிய வீச்சுக்கு உரிய சாய்வும் 45 பாகை அன்று. அதைவிடச் சில பாகைகள் குறைவு. உயர எறிந்தால் காற்றில் நெடுநேரம் இருக்க நேர்வதால் தாழ எறிவதே ஆதாயம். ஆங்கிலப் பீரங்கிக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பழக்கத்தால் கைக்கு வந்திருக்கும்.

வீச்சில் சிறு வேற்றுமை நேர்ந்தால் நிலத்தில் எவ்வளவு வேற்றுமை நேரும் என்று பார்ப்பது சுவையானது. கிழக்கே கடல் என்பதால் கிடைக்கும் நிலம் அரைவட்டம். வீச்சு 3.5 கிலோமீட்டர் என்றால் அரைவட்டத்தின் பரப்பு 19 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நல்ல மருந்து, நல்ல உருண்டை, சாதகமான காற்று எல்லாம் சேர்ந்து வீச்சு பத்து விழுக்காடு கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது ஆகையால் அது 21 விழுக்காடு கூடும். இந்தக் கூடுதல் மட்டும் நான்கு சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். ஒரு படி வெடிமருந்துக்கு ஆயிரம் ஏக்கர் நன்செய் என்றால் பேரம் மோசமில்லை.

ஆனால் அக்காலத்துக் குண்டு சொன்னபடி கேட்கும் குண்டு அன்று. குழாயில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் குண்டைக் குழாயின் உட்புறத்தைவிடச் சிறிதாகவே வார்ப்பார்கள். வெடிமருந்தின் வாயு அந்த இடைவெளி வழியே கசியும். குண்டு குழாய்க்குள் இப்பக்கமும் அப்பக்கமும் மோதிக்கொண்டே வரும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்பச் சுழலத் தொடங்கும். சுழலும் பந்து காற்றில் வளைந்து போகும் என்பது கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே பீரங்கி, ஒரே அளவு மருந்து, ஒரே சாய்வு என்றாலும் ஒவ்வொரு குண்டும் ஒவ்வோர் இடத்தில் விழும். அந்தச் சிதறலில் ஒரு சில நூறு மீட்டர் இப்படியோ அப்படியோ ஆனதில்தான் ஓர் ஊர் செஞ்சி அரசனுக்கும் இன்னோர் ஊர் லண்டன் வணிகருக்கும் போயிற்று.

கோட்டைக்கு வந்து சேர்ந்த விஞ்ஞானி

இங்கே வரலாறு ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. பீரங்கிக் குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதை உலகில் முதன்முதலாகச் சரிவர அளந்து காட்டியவர், இதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையில்தான் இறந்தார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். கணிதத்தில் பெரும் புலமை பெற்றவர், நியூட்டனின் ஆதரவாளர். நியூட்டன் 1687இல், அதாவது நம் பீரங்கி வெடிப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், தம் பெருநூலில் காற்றின் தடை திசைவேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று எழுதியிருந்தார். ஆனால் பீரங்கிக் குண்டின் வேகத்தை அளந்தவர் ஒருவரும் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் பறந்துவிடும் குண்டின் வேகத்தை அந்தக் காலத்தில் எப்படி அளப்பது?

ராபின்ஸ் கண்ட வழி அழகானது. ஒரு கனத்த மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டார். துப்பாக்கியால் அதைச் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதைந்து நின்றுவிடும். கட்டை சற்றே பின்னோக்கி ஊசலாடும். ஊசலோடு இணைத்த ஒரு நாடா எவ்வளவு வெளியே இழுபட்டிருக்கிறது என்று பார்த்து ஊசலாட்டத்தை அளந்தார். குண்டின் உந்தம் முழுவதும் கட்டைக்கும் குண்டுக்கும் சேர்ந்து போய்விடுகிறது என்பதால் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். நாமே ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். 35 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வந்து 25 கிலோகிராம் கட்டையில் புதைந்தால், கட்டை பெறும் வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர். இந்த வேகத்தில் அது இரண்டரை சென்டிமீட்டர் உயரம் எழும். கண்ணுக்குப் புலப்படாத வேகம், அளவுகோலால் அளக்கக்கூடிய உயரமாக மாறிவிட்டது! இன்றும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் 'எறியியல் ஊசல்' என்று இதைச் செய்து பார்க்கிறார்கள்.

பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். ஊசலைத் துப்பாக்கியிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டார். தொலைவு கூடக் கூட வேகம் எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்தது. அந்தக் குறைவு காற்றின் வேலை. பெரியவர்கள் புறக்கணிக்கலாம் என்று எண்ணியிருந்த தடை, குண்டின் எடையைப்போல் பல மடங்கு என்று தெரியவந்தது. அதுமட்டுமன்று, குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை ஒட்டி வரும்போது தடை திடீரென்று ஏறத்தாழ மூன்று மடங்காவதையும் அவர் கண்டார். சுழலும் குண்டு வளைந்து செல்வதையும் அவர் சோதனை மூலம் காட்டினார். நூறாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த மாக்னஸ் என்பவரின் பெயரில் நாம் அதை வழங்குகிறோம், முந்தினவர் ராபின்ஸ்.

இவற்றையெல்லாம் 1742இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அக்காலத்தின் தலைசிறந்த கணித மேதையான ஆய்லர் 1745இல் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பெரிய விளக்கவுரையும் எழுதினார். ராயல் கழகம் ராபின்ஸுக்குக் கோப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1749இல் அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750இல் இந்தியா வந்தார். சென்னை, தேவனாம்பட்டினம் ஆகிய இரு கோட்டைகளையும் வலுப்படுத்தத் திட்டம் தீட்டுவது அவர் வேலை. அந்த நாளில் சென்னையைவிட தேவனாம்பட்டினமே பெரிய இடம். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததிலிருந்து 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். கடலூர் வெயிலும் காய்ச்சலும் ராபின்ஸின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1751 ஜூலை 29ஆம் நாள், 44 வயதில் இங்கேயே உயிர் நீத்தார். கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கும்போதே இறந்தார் என்று சொல்வார்கள். அடுத்த மாதம் கிளைவ் சென்னையிலிருந்து ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டார். நம் பாடப்புத்தகங்களில் கிளைவுக்குப் பல பக்கங்கள் உண்டு. ராபின்ஸுக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

கடலுக்கும் அதே அளவுகோல்

பீரங்கியால் எல்லை அளப்பது ஏதோ தேவனாம்பட்டினத்தில் நடந்த விசித்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். கடலில் ஒரு நாட்டின் ஆட்சி எதுவரை செல்லும் என்ற கேள்விக்கு, ஹாலந்து நாட்டுச் சட்ட அறிஞர் பைங்கர்ஷூக் 1702இல் சொன்ன விடையும் இதுதான்: கரையிலுள்ள பீரங்கி எட்டும் தொலைவுவரை. 1782இல் இத்தாலியரான கலியானி அதை மூன்று கடல் மைல் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். 1793இல் அமெரிக்காவும் மூன்று மைலை ஏற்றது. மூன்று கடல் மைல் என்பது ஐந்தரைக் கிலோமீட்டர். பீரங்கியின் வீச்சுக்கு அது சற்றுத் தாராளமான கணக்கு.

இந்தியாவின் கடல் எல்லை 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காற்றே இல்லாத உலகில் நம் பித்தளைப் பீரங்கி எறிந்திருக்கக் கூடிய தொலைவுக்கு இது மிக அருகில் வருவது தற்செயல்தான். தாழங்குடாவிலிருந்து படகேறும் மீனவருக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல.

பீரங்கிக்குப் பின்

பீரங்கியால் பெற்ற கோட்டையைப் பீரங்கியே அழித்தது. 1758 ஜூன் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். 1760இல் ஆங்கிலேயர் திரும்ப வந்தனர். 1782இல் ஹைதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர் மறுபடி கடலூரைப் பிடித்தனர். 1783 ஜூன் மாதம் நிலத்திலும் கடலிலும் கடும் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது. அமெரிக்க விடுதலைப் போரின் தொடர்ச்சியாக மூண்ட சண்டைகளில் கடைசியானவற்றுள் ஒன்று நம் கடலூர்க் கடலில் நடந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1785இல் ஊர் ஆங்கிலேயருக்குத் திரும்பியது. கோட்டை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கெடிலத்தின் கரையில் இன்று மிச்சமிருப்பது இடிபாடுகளே.

கிராமங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இன்று வரும் ஆபத்து கோட்டையிலிருந்து வருவதில்லை. ஆற்றிலிருந்தும் கடலிலிருந்தும் வருகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி தேவனாம்பட்டினத்தையும் தாழங்குடாவையும் தாக்கியது. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, தோப்புகளை முறித்துப் போட்டது. 2021 நவம்பரில் தென்பெண்ணையில் பெருவெள்ளம். 2024 நவம்பர் இறுதியில் 'ஃபெஞ்சல்' புயல் மழைக்குப் பிறகு, டிசம்பர் 2ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. நம் அளவில் இது விநாடிக்கு 4,750 கன மீட்டர். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன் என்பதை நினைவில் கொண்டு இந்த எண்ணை மீண்டும் படியுங்கள். அணைக்குக் கீழே பெய்த மழையும் இதனோடு சேர்ந்துகொண்டது. கடலூர்ப் புறநகரின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது.

சமவெளியின் கடைசி மைல்களில் ஆற்றுக்குச் சரிவு மிகக் குறைவு. சரிவு குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அதே அளவு நீர் கடந்து செல்ல அகலமும் ஆழமும் கூட வேண்டும். கரை அதற்கு இடம் தராவிட்டால் நீர் கரையைத் தாண்டுகிறது. முகத்துவாரத்தில் மணல் திட்டு இருந்து, அந்த நேரம் கடலில் ஓதமும் ஏறியிருந்தால் நீர் வடிய மேலும் தாமதமாகும். முகத்துவாரத்தை மழைக்கு முன்பே தூர் வாரிவைக்க வேண்டும் என்று இவ்வூர்க்காரர்கள் வலியுறுத்துவதில் நியாயமான இயற்பியல் இருக்கிறது.

கடலூர்ப் பக்கத்து மாணவர்கள் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர் என்ற அளவில் அமைந்த நில அளவைத் துறை வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கெடிலத்தின் முகத்துவாரத்தை ஒட்டிய கோட்டை இடிபாட்டின்மேல் கவராயத்தின் முள்ளை ஊன்றி, 7 சென்டிமீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டமும் 8 சென்டிமீட்டர் ஆரத்தில் இன்னோர் அரைவட்டமும் வரையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே எந்தெந்த ஊர்கள் அகப்படுகின்றன என்று குறித்துக்கொண்டு, அந்த ஊர்களில் வயதானவர்களிடம் பழைய தெருப் பெயர்களையும் வயல் பெயர்களையும் விசாரியுங்கள். 'குண்டு' இன்னும் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கலாம்.